ஏழாவது நிமிஷத்துல எங்க செவுரு

எங்க ஏரியான்னா மொதல்ல ஒரு ட்ரோன் பறக்கும்.
அப்புறம் கூவம்.
கொருக்குப்பேட்டைக்கு ஏது கூவம்,
எங்களது பக்கிங்காம் கால்வாய்.
யார் போய் சொல்றது.
அப்புறம் ஒருத்தன் ஓடுவான்,
பின்னாடி நாலு பேர் ஓடுவாங்க,
ஓடுற வழியெல்லாம் கூடை கவுரும்.
தக்காளிக்காரம்மாவுக்கு யாரு காசு குடுப்பாங்கன்னு
இன்டர்வெல் வரைக்கும் யோசிச்சிட்டிருப்பேன்.

ரெஜினா சொல்லுவா, உனக்குப் படம் பாக்கத் தெரியல.
தெரியலதான்.
மணலி யார்டுல ராத்திரி ஷிப்டு,
கன்டெய்னர் நம்பரா அடிச்சு அடிச்சு
என் கண்ணு ஓரத்துலயே மேயும்.
ஹீரோ அழுவுறாரு,
பின்னாடி மொட்டமாடிக் கொடியில
கிளிப்பே இல்லாம ஒரு புடவ காயுது.
எங்க காத்துக்கு அது இந்நேரம்
ரயில்வே லைன்ல கெடக்கணும்.

ரவுடியே இல்லன்னு சொல்ல வரல.
மூணாவது சந்துல ஒருத்தன் இருக்கான்.
காலையில அஞ்சரைக்கு பால் பூத்துல
எனக்குப் பின்னாடி நிப்பான்.
நாலு ரூபா சில்லறை இல்லன்னு
மிட்டாய் குடுத்தாங்க,
மூஞ்சத் தொங்கப்போட்டு வாங்கிட்டுப் போனான்.
அத எடுங்கப்பா.

சீரியல்ல மாடிப்படியே எங்க சந்து அகலம்.
ஒருத்தரும் சமைக்க மாட்டாங்க,
பாயசத்துல விஷம் மட்டும் வப்பாங்க.
எங்க பக்கத்துப் பொண்ணு ஒருத்தி வருவா, வேலைக்காரியா,
'இன்னாமா'ன்னு ஆரம்பிச்சு 'இன்னாமா'ன்னு முடிப்பா.
ஒரு நாளைக்கு அத்தன இன்னா
எங்க தெரு மொத்தமும் சேந்து சொல்லாது.
எண்ணிப் பாத்து சம்பளம் குடுக்குறாங்க போல.
நானூத்திப் பன்னண்டாவது எபிசோடுல
அவளுக்கும் ஒரு புருசன் இருக்கான்னு தெரிஞ்சுது.
சந்தோசமாத்தான் இருந்துச்சு.
மறுநாளே அவன் திருடன்னுட்டாங்க.

இருந்தாலும் ஏழரைக்கு டிவி ஓடணும்.
நிறுத்துனா என் வீட்டுக்காரரு டில்லிபாபு சண்டைக்கு வருவாரு.
ஈபி லைன்மேன், கம்பத்துல ஏறுறவரு,
நிச்சயதார்த்தம் நின்னுபோச்சுன்னா
மூக்க உறிஞ்சுவாரு.

போன தை மாசம் எங்க தெருவுலயே ஷூட்டிங்.
லோகநாயகிக்கா சீட்டுப் பணம் எடுத்து
பொங்கலுக்கு செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சிருந்தா.
ரோஸு. கொஞ்சம் அதிகப்படியான ரோஸுதான்.
ஆர்ட் டைரக்டர்னு சின்னப் பையன் வந்தான்,
மரியாதையாத்தான் பேசினான்,
சாம்பல் கலரத் தெளிச்சான்,
டீத்தூள் தண்ணிய ஊத்தி கறை வழிய விட்டான்.
தொவச்ச துணிய மடிச்சு எங்க கையில குடுத்துட்டு
பையில கொண்டாந்த அழுக்குத் துணியத் தொங்கவிட்டான்.

டில்லிபாபு டூட்டி முடிஞ்சு வந்து
இஸ்திரி போட்ட சட்ட, கழுத்துல ஐடி கார்டு,
எங்க வாசல்ல நின்னு வேடிக்க பாத்தாரு.
'அண்ணே, கொஞ்சம் நகருங்க, ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க.
இந்த எடத்துக்கு லோக்கலா ஒருத்தரு வேணும்.'
நகந்தாரு.
அந்த வாசல்லயே பொறந்த மனுசன்.

வளசரவாக்கத்துலேருந்து வேன்ல வந்த ஒருத்தரு
லுங்கிய மடிச்சுக்கட்டி அங்க நின்னாரு.
பாவம், பத்து மணி வரைக்கும் அவருக்கு சாப்பாடே வரல.
ரெஜினா பர்மாக்காரர் கடையில
அத்தோவும் மசாலா முட்டையும் வாங்கிக் குடுத்தா.
பதினாலு தடவ இந்தப் பக்கத்து ஆளா நடிச்சிட்டேன்,
இத யாரும் காட்டலையேம்மான்னாரு.
இன்னொரு முட்ட கேட்டாரு.

படம் வந்துச்சு. பதினோரு பேர் போனோம்.
டில்லிபாபுவுக்கு அன்னிக்கு டூட்டி.
ஏழாவது நிமிஷம்
எங்க செவுரு. ரெண்டு செகண்டுதான்.
ஜன்னலுக்குக் கீழ, பிரஷ் எட்டாத மூலையில,
உள்ளங்கை அகலத்துக்கு ரோஸு.
லோகநாயகிக்கா ரெண்டு வெரல வாயில வச்சு
அடிச்சா பாரு ஒரு விசிலு,
முன் சீட்டுப் பையன் திரும்பிப் பாக்குறான்:
அக்கா, ஹீரோ இன்னும் வரவே இல்லயே.

படம் எப்டின்னா, சுமாருதான்.
செகண்டாஃப் இழுவ.
ஞாயித்துக்கெழம மறுபடி போறோம்,
டில்லிபாபு இன்னும் பாக்கல.